பதிவேடு வராத பதினொரு வாய்தா

இந்த வழக்கின் எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. பதினான்கு குடும்பங்களும் சுரங்க மண்மேட்டுக்கு இந்தப் பக்கம்தான் இன்னும் குடியிருக்கின்றன. எதிர்த்தரப்பும் ஒரு கிலோமீட்டர் தள்ளி, அதே ஊராட்சியில், அதே ரேஷன் கடையில்தான் வரிசையில் நிற்கிறது. தீர்ப்பு வரும்வரை ஊர் பெயரும் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம் என்று அந்தக் குடும்பங்கள் கேட்டுக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்காக நிலம் எடுத்தபோது ஒன்பது ஏக்கர் சொச்சத்துக்கு இரண்டு தரப்பு உரிமை கோரியது. பட்டா ஊர்த்தெருக் குடும்பம் ஒன்றின் பெயரில் இருந்தது. எங்கள் பூர்வீகம் என்றார்கள். "அது எங்க தாத்தனுக்கு சர்க்கார் குடுத்த டி.சி. நெலம், கடனுக்கு எழுதி வாங்கிக்கிட்டாங்க" என்றார்கள் காலனிக் குடும்பங்கள். இப்படிப் பிணக்கு வந்தால் 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 30, 31 பிரிவுகளின்படி அதிகாரி இழப்பீட்டுப் பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிடுவார். யாருக்குச் சேர வேண்டும் என்பதை நீதிபதி முடிவு செய்வார். நிலம் எப்போதோ பள்ளமாகிவிட்டது. பணம் நீதிமன்றக் கணக்கில் கிடக்கிறது. அதை வாங்க வேண்டிய தாத்தாக்களில் மூன்று பேர் இறந்துபோனார்கள்.

வழக்குக்கு உதவியாக நாங்கள் மூன்று பேர் போய்வருகிறோம்: ஒரு வக்கீல் தோழர், ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் ஒரு தங்கை, இதை எழுதும் சமூகப் பணியாளர். எம்.ஏ. சமூகவியலில் இரண்டு வருடம் பூர்தியூ படித்தோம், மூலதனத்தின் வகைகளைப் பற்றி முப்பது பக்கம் எழுதினோம். நகல் மனு எப்படிப் போடுவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதை நீதிமன்ற வளாகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா அண்ணனிடம்தான் கற்றோம்.

பஞ்சமி நிலத்தின் கதையை இங்கே படிப்பவர்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கை, அதையொட்டி 1892 செப்டம்பர் 30இல் வந்த வருவாய்த் துறை அரசாணை 1010, 1994 அக்டோபரில் காரணையில் நிலம் கேட்டுப் போராடியபோது சுடப்பட்டு இறந்த ஜான் தாமஸ், ஏழுமலை, எல்லாம் நமக்குத் தெரியும். வழக்குக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒப்படைப்பின் நிபந்தனை. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக்கூடாது. அதன் பிறகும் நம் மக்களுக்குத்தான் விற்கலாம். ஆக அந்த ஒன்பது ஏக்கர் டி.சி. நிலம்தான் என்று காட்டிவிட்டால் ஊர்த்தெருப் பட்டா தானாக ஆட்டம் காணும். அதைக் காட்ட வேண்டிய காகிதம் வட்ட அலுவலகத்தில் இருக்கும் ஒப்படைப்புப் பதிவேடு. தாத்தாக்களுக்குக் கொடுத்த நிபந்தனைப் பட்டா 1970களில் ஒரு தீ விபத்தில் குடிசையோடு போய்விட்டது.

முதல் தாமதம் எங்களுடையது. அதை மறைக்க விரும்பவில்லை. எழுவினாக்கள் வரையப்பட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் சாட்சிப் பட்டியல் தர வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 16, விதி 1. பதிவேட்டோடு வர வேண்டிய அலுவலரும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். நாங்கள் ஏழு மாதம் கழித்துத்தான் மனுப் போட்டோம். காரணம் கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் வைத்திருந்த வக்கீலுக்குப் பணம் கொடுக்க முடியவில்லை. விவரம் தெரிந்த பெரியவர் செங்கல் சூளைக்குப் போயிருந்தார். இளைஞர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஷிப்டு விட்டால் அன்றைய கூலி இல்லை. ஏன் தாமதம் என்று அபிடவிட்டில் எழுதும்போது இவையெல்லாம் சாக்குப்போக்கு மாதிரியே தெரிந்தன. வாழ்க்கையில் அவை காரணங்கள். முத்திரையிட்ட காகிதத்தில் ஏறியதும் சாக்குகள் ஆகிவிடுகின்றன.

எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல தயாரிப்போடு வந்தார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள், விசாரணை தொடங்கியபின் புது ஆவணம் தேடுகிறார்கள் என்று எதிருரை. போதிய காரணம் காட்டினால் பின்னால் வரும் சாட்சியையும் அனுமதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நீதிபதி அனுமதித்தார், 1,000 ரூபாய் செலவுத்தொகையோடு. பதினான்கு வீட்டில் வசூலித்துக் கட்டினோம். சில்லறையாக வந்த பணத்தை எதிர்த்தரப்பு வக்கீலின் குமாஸ்தா எண்ணி முடிக்க வெகு நேரம் ஆனது.

சரி, தப்பு நம்முடையது, தண்டம் கட்டியாயிற்று, இனி பதிவேடு வந்துவிடும் என்று நினைத்தோம். ஆயா ஒருவர் மட்டும் சிரித்தார். "எழுதுனவனும் அவங்க ஆளு, எடுத்து வச்சவனும் அவங்க ஆளு. நீ சீட்டு அனுப்புனா கொண்டாந்து குடுத்துடுவானா, பாப்பா?"

முதல் வாய்தாவுக்குச் சம்மன் போய்ச்சேரவில்லை. இரண்டாவதுக்குப் போகவே இல்லை, ஏனென்றால் சாட்சிக்கான பேட்டாவை நாங்கள் நேரத்தில் கட்டவில்லை. அதுவும் எங்கள் தப்பு, இன்னொரு 500 ரூபாய். மூன்றாவதில் அலுவலர் மாற்றலாகிப் போயிருந்தார், வந்தவர் பொறுப்பேற்கவில்லை. நான்காவது தேர்தல் பணி. ஐந்தாவதில் பதிவேடு வந்தது! துணியில் சுற்றி ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தபோது நாங்கள் எழுந்தே நின்றுவிட்டோம். பிரித்துப் பார்த்தால் அதே பெயருள்ள பக்கத்துக் கிராமத்தின் பதிவேடு. ஆறு நினைவில்லை. ஏழு ஜமாபந்தி.

எட்டாவதில்தான் வேடிக்கை. இது பொது ஆவணம், மூலத்தை நீதிமன்றத்துக்குத் தூக்கிவரத் தேவையில்லை, சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளட்டும் என்று அரசுத் தரப்பில் ஆட்சேபம் வந்தது. சட்டப்படி அது நியாயமான ஆட்சேபம்தான். தமிழ்நாட்டின் உரிமையியல் நடைமுறை விதிகளில் 75ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது: அரசு அலுவலரின் பொறுப்பில் உள்ள ஆவணத்தை வரவழைக்க வேண்டுமானால், நகல் ஏன் போதாது, நகலுக்கு என்ன முயற்சி எடுத்தோம் என்று அபிடவிட் போட வேண்டும். நாங்கள் போட்டதில் அந்தப் பகுதி பலவீனமாக இருந்தது. உடனே நகல் மனுப் போட்டோம். பதில் வந்தது: மேற்படி பதிவேடு நீதிமன்ற வழக்கில் சம்பந்தப்பட்டுள்ளதால் நகல் வழங்க இயலாது.

நீதிமன்றத்தில் நகல் வாங்கு என்கிறார்கள். நகல் கேட்டால் நீதிமன்றத்தைக் காட்டுகிறார்கள். அந்தப் பதிலை ஒன்பதாவது வாய்தாவில் நீதிபதியிடம் கொடுத்தோம். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவ்வளவுதான். கடைசி வாய்ப்பு என்று குறிப்பு எழுதினார். அதற்கு முன்பே இரண்டு முறை அதே வார்த்தையை எழுதியிருந்தார். எங்கள் கட்டில் மூன்று கடைசி வாய்ப்புகள் இருக்கின்றன.

சம்மனுக்கு வராதவர் மேல் நீதிமன்றத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். நடைமுறைச் சட்டத்தின் 32ஆவது பிரிவு பிடியாணை போடலாம், சொத்தை ஜப்தி செய்யலாம், 5,000 ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. பிடியாணை கேட்டு மனுவும் போட்டோம். அது நிலுவையில் இருக்கும்போதே பத்தாவது வாய்தாவில் கடிதம் வந்தது: பதிவேடு செல்லரித்த நிலையில் உள்ளது, தேடப்பட்டு வருகிறது. தேடப்படுகிற பொருள் செல்லரித்திருப்பது எப்படித் தெரிந்தது என்று தங்கை எங்கள் காதில் கேட்டாள். பதினொன்றாவதில் ஒரு பெண் ஊழியர் வந்து சாட்சி சொன்னார். பதிவேடு கிடைத்துவிட்டதாம், ஆனால் எங்கள் சர்வே எண்கள் இருக்க வேண்டிய பக்கங்கள் இல்லையாம். நேர்மையாகத்தான் சொன்னார். அவர் அந்த அலுவலகத்துக்கு வந்தே ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை.

இந்தப் பதினொரு வாய்தாவில் அந்த அலுவலகம் கட்டிய செலவுத்தொகை பூஜ்யம். எங்கள் பக்கம் 1,500 ரூபாய், கூடவே வாய்தாவுக்கு இரண்டு பேர் வீதம் 22 ஷிப்டு கூலி.

தன்னிடம் உள்ள சிறந்த ஆவணத்தை ஒருவர் தராமல் மறைத்தால் அது அவருக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் அல்லவா என்று சட்டக் கல்லூரித் தோழர்கள் கேட்பார்கள். பழைய சாட்சியச் சட்டத்தின் 114ஆவது பிரிவு அதைத்தான் சொன்னது. கோபால் கிருஷ்ணாஜி கேத்கர் வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றமும் வலுவாகச் சொன்னது. நாங்களும் அதைத்தான் நம்பியிருந்தோம். பிறகுதான் வக்கீல் தோழர் விளக்கினார்: அந்த ஊகம் வழக்கில் உள்ள தரப்புக்கு எதிராகத்தான் போகும். வட்ட அலுவலகம் இந்த வழக்கில் யாரோடும் சண்டை போடவில்லை. பணம் யாருக்குப் போனாலும் அதற்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பதிவேடு வராவிட்டால் நட்டம் கேட்டவர்களுக்கு மட்டும்தான். வைத்திருப்பவருக்கு எந்த இழப்பும் இல்லாத ஒரு காகிதத்தின்மேல் பதினான்கு குடும்பங்களின் வழக்கு நிற்கிறது. யாரும் சதி செய்யத் தேவையில்லை, சும்மா இருந்தாலே போதும். இது எங்களுக்குப் புரிய எட்டு வாய்தா ஆயிற்று.

தாமதத்தின் சட்டமும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடும் எவரும் முதலில் மேற்கோள் காட்டுவது 1987இல் வந்த காத்திஜி வழக்குத் தீர்ப்பை. ஒவ்வொரு நாளுக்கும் கணக்குக் கேட்டுக் கதவை அடைக்காதே, வழக்கின் நியாயத்தைப் பார் என்ற தாராளமான தீர்ப்பு. ஆனால் அதில் தாமதமாக வந்தது யார் என்று பாருங்கள். காஷ்மீரின் அனந்தநாக் நில எடுப்பு ஆட்சியர். நிலம் கொடுத்தவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த ஏறக்குறைய 14 லட்சம் ரூபாயை எதிர்த்து அரசு நான்கு நாள் தாமதமாக மேல்முறையீடு செய்தது. அந்த நான்கு நாளை மன்னித்துத்தான் தாராளம் பிறந்தது. அதன்பிறகு கால் நூற்றாண்டு எல்லாத் துறைகளும் அதைக் குடையாகப் பிடித்தன. 2012இல் அஞ்சல் துறை 427 நாள் தாமதத்தோடு வந்தபோதுதான், கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது என்பதெல்லாம் இந்தக் காலத்தில் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நம் பக்கம் சொல்வதற்கும் ஒன்று இருக்கிறது: இம்ரத் லால் வழக்கில் 1,110 நாள் தாமதமாக வந்த நில உரிமையாளர்களை, கிராமத்து மக்களுக்குச் சட்டத்தின் நுணுக்கம் தெரியாது என்பதைக் கருத்தில் எடுத்து உச்ச நீதிமன்றம் மன்னித்தது. ஆனால் இப்படி மன்னிக்கும்போது தாமதமான காலத்துக்கு வட்டி கிடையாது என்று நிபந்தனை போடுவதும் உண்டு.

இந்த மன்னிப்பு நீதிமன்றத்தில் மட்டும்தான் கிடைக்கும். நில எடுப்பில் நாம் முதலில் போய் நிற்பது ஆட்சியரிடம். இழப்பீடு போதாது என்று 18ஆவது பிரிவில் மனுக் கொடுக்க நோட்டீஸ் வந்து ஆறு வாரம், அல்லது தீர்வம் வெளியாகி ஆறு மாதம், எது முதலில் முடிகிறதோ அது. ஆட்சியர் நீதிமன்றம் அல்ல, ஆகவே காலவரம்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவின் மன்னிப்பு அங்கே செல்லாது என்று ஷா மணிலால் சந்துலால் வழக்கில் 1996இல் முடிவாகிவிட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதில் ஓராண்டுவரை சலுகை தருகிறது. பழைய சட்டத்தில் எடுத்த நிலத்துக்கு அது பயன்படாது.

இதைவிட எங்களைச் சுட்டது 28-ஏ. பக்கத்து நிலக்காரர் நீதிமன்றம் போய் அதிக இழப்பீடு வாங்கினால், அதே அறிவிப்பில் நிலம் இழந்து வழக்குப் போடாதவர்களும் அந்த விலையைக் கேட்கலாம் என்று 1984இல் சேர்த்த பிரிவு. ஏழைகளுக்காகவே கொண்டுவந்தது என்று சொல்லலாம். கெடு, தீர்ப்பு வந்த நாளிலிருந்து மூன்று மாதம். நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்பு வந்த நாளிலிருந்துதான் என்று தோத்தாராம் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகல் வாங்க ஆன நாட்களை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

இதே காலனியில் இரண்டு குடும்பங்களுக்கு வேறொரு இடத்தில் சொந்தப் பட்டாவில் சிறு துண்டு நிலம் இருந்தது. அதே அறிவிப்பில் நிலம் இழந்த ஊர்த்தெருக்காரர் ஒருவர் வழக்குப் போட்டு அதிக விலை வாங்கினார். ஊர்த்தெருவில் அந்தச் செய்தி ஒரே வாரத்தில் பரவியது, கல்யாண வீட்டிலும் கோயில் திண்ணையிலும் பேசி, ஒன்பது பேர் கெடுவுக்குள் 28-ஏ மனுக் கொடுத்தார்கள். காலனிக்குச் செய்தி வந்தபோது ஓராண்டு தாண்டியிருந்தது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. எதிரெதிர் திண்ணையில் உட்கார்ந்து பேசும் பழக்கம் இருந்தால்தானே சொல்லியிருப்பார்கள்? சட்டம் எல்லோருக்கும் மூன்று மாதம் என்று சமமாக வைத்திருக்கிறது. செய்தி ஊரிலிருந்து காலனிக்கு நடந்து வர ஆகும் காலத்தை அது கழித்துக்கொள்வதில்லை. எம்.ஏ.வில் எழுதிய முப்பது பக்கத்தையும் கிழித்துவிட்டு இந்த ஒன்பது பேர், இரண்டு பேர் கணக்கை மட்டும் எழுதியிருக்கலாம்.

நெய்வேலிக்காரர்களுக்கு 2023 ஜூலை மறந்திருக்காது. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் கதிர் வரும் பருவத்து நெல்லின்மேல் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்பது நிறுவனத்தின் வாதம். இத்தனை ஆண்டு பொறுத்தவர்கள் அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்ற பொருளில் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம்.தண்டபாணி கேட்டார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவானது. எடுத்த நிலத்தை ஆண்டுக்கணக்கில் சும்மா போட்டு வைத்ததற்கு மன்னிப்பு மனு எதுவும் தேவைப்படவில்லை. சாகுபடி செய்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

புலம்பி முடித்துவிட்டால் ஆயாவுக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் இப்போது நாங்கள் செய்வதைச் சொல்லிவிடுகிறோம்.

காலனிப் படிப்பகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். யாருக்கு எந்த அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தாலும், வந்த தேதி, கொண்டுவந்தவர், வாங்கியவர் கையெழுத்து. 1961இல் ராஜா ஹரிஷ் சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி 18ஆவது பிரிவின் கெடு, தீர்வம் நமக்குத் தெரிந்த அல்லது தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்துதான் ஓடும். அந்த நாளைக் காட்ட ஒரு நோட்டுப் போதும், அது இல்லாமல் தோற்றவர்கள் இருக்கிறார்கள். தபால் உறையைத் தூக்கி எறியக்கூடாது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீடுவீடாகப் போய்ச் சொன்னார்கள். கடலூரிலும் விருத்தாசலத்திலும் எந்த நில எடுப்பு வழக்கில் தீர்ப்பு வருகிறது என்று தங்கை மாதம் இரண்டு முறை இணையத்தில் பார்க்கிறாள். 28-ஏ எங்களை இன்னொரு முறை ஏமாற்றக்கூடாது.

பிறகு, வழக்குப் போட்டபின் சம்மனுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டோம். வழக்கு வருவதற்கு முன்பே நகல் மனு, கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. 'எல்லா ஆவணங்களும்' என்று கேட்பதில்லை. கிராமம், சர்வே எண், பதிவேட்டின் பெயர், ஆண்டு. இல்லை என்று எழுதிக் கொடுத்தாலும் அது நமக்கு ஒரு ஆவணம்தான், ஏனென்றால் மூலம் தொலைந்தது என்று காட்டினால்தான் மாற்றுச் சாட்சியம் காட்ட வழி திறக்கும்.

எங்கள் வழக்கில் அந்த வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. பக்கங்கள் இல்லை என்று அந்த ஊழியர் சாட்சி சொன்னாரே, அதே வாக்குமூலத்தை வைத்து மாற்றுச் சாட்சியத்துக்கு மனுப் போட்டிருக்கிறோம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நாலு நாள் உட்கார்ந்து அந்தக் கிராமத்தின் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டைப் புரட்டினோம். டி.சி. என்ற சொல் அதில் இல்லை. ஒப்படைப்புக்கு முந்தைய பதிவு அது. ஆனால் எங்கள் சர்வே எண்களுக்கு நேரே தரிசு, அரசு நிலம் என்று இருக்கிறது. அரசு நிலமாக இருந்தது ஒருவருக்குப் பூர்வீகமாக இருக்க முடியாது. யாருக்கோ, எப்போதோ அரசு கொடுத்திருக்க வேண்டும். அது எங்களுக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு, எந்த ஆணையில் என்று இப்போது எதிர்த்தரப்பும் ஒரு காகிதம் காட்ட வேண்டும். இதோடு ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில், குலதெய்வப் படத்துக்குப் பின்னால், இரண்டு கிஸ்தி ரசீதுகள் கிடைத்தன. ஒன்றில் தாத்தாவின் பெயர் தெளிவாக இருக்கிறது. இன்னொன்றைப் பூச்சி தின்றிருக்கிறது, வட்ட அலுவலகத்துப் பூச்சி மட்டும்தான் தின்னும் என்று இல்லையே.

எதிர்த்தரப்பு ஆட்சேபம் போட்டுவிட்டது. காலம் கடந்து தாக்கல் செய்யப்பட்ட ஆவணங்கள், ஏற்கக்கூடாது என்று. நாங்களும் தாமதத்துக்கான காரணத்தைத் தேதிவாரியாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். இந்த முறை பதினொரு வாய்தாவின் டைரிக் குறிப்பையும் இணைத்து.

அடுத்த வாய்தா வியாழக்கிழமை. ரசீதை அடையாளம் காட்ட ஆயாவைக் கூட்டிப் போக வேண்டும். பேரனுக்கு அன்று முதல் ஷிப்டு. மாற்றிக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறான்.